தினுஷனின் கையும் அரூஸின் கண்ணும்

நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நல்லம்மாவின் மகன் தினுஷன். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவனின் தோள் வேகத்தைப் பார்த்துவிட்டு, விளையாட்டு மாஸ்டர் அவனைப் பேஸ்போல் அணியில் சேர்த்தார். கிரிக்கெட் பந்துபோல பேஸ்போல் பந்து தரையில் குத்தி எழும்பாது. நேரே மட்டைக்காரனைத் தாண்டிப் போகும். நாலைந்து வருஷத்தில், பந்து வீசும் பிட்சர் என்றால் தினுஷன்தான் என்று கண்டிப் பக்கம் பேச்சாகிவிட்டது.

கொழும்புக் கம்பெனி ஒன்று அவனை வேலைக்கு எடுத்தது. பேருக்கு ஸ்டோர் கிளார்க். சம்பளம் பந்து வீசத்தான்.

"எறியிறதுக்கா மாசாமாசம் குடுக்குறாங்க?" என்றாள் நல்லம்மா. நம்பாமலே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவன் பலமே மட்டைக்காரனின் உடம்பை ஒட்டி வரும் பந்துதான். ஆள் மிரண்டு பின்வாங்குவான். அடுத்த பந்தை எட்டத் தள்ளிப் போட்டு அவனை வெளியேற்றிவிடுவான் தினுஷன். மழை நாளில் நடந்த ஒரு போட்டியிலும் அப்படித்தான் வீசினான். தூறலில் பந்து நனைந்திருந்தது. விரலை விட்டு வழுக்கி, எதிரணியில் ஆடிய அக்குறணை ஊர்க்கார அரூஸின் இடது கண்ணில் பட்டது.

அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. விளையாட்டில் நடப்பதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தினுஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அரூஸ் கிடந்த வாட்டுக்குள் கால் வைக்க முடியாமல் வாசலோடு திரும்பினான்.

அதன்பிறகு ஆளை ஒட்டி வீச அவனுக்குக் கை எழவில்லை. அதைப் புரிந்துகொண்ட மட்டைக்காரர்கள் பயமில்லாமல் நெருங்கி நின்று விளாசினார்கள். அடுத்த வருஷம் கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் லொறி ஓட்டப் போனான். பிரேமிளாவைக் கல்யாணம் கட்டினான். அக்குறணைக்குச் சாமான் ஏற்றச் சொன்னால் மட்டும் வேறு டிரைவரைக் கெஞ்சி அனுப்புவான்.

பிரேமிளாவுக்கு அது தெரியவந்தபோது, "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. ஏசினா ஏசட்டும்" என்றாள்.

போனான். அரூஸ் மசாலாக் கடை வைத்திருந்தார். ஆளைக் கண்டதும் தெரிந்துகொண்டார். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க. பந்து வழுக்கினது எனக்குத் தெரியும். அதுக்குக் கோவம் இல்ல. ஒரு நாளாவது வந்து பாக்கல்லயே, அதுக்குத்தான்."

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேங்க."

"உள்ள வந்திருக்கணும்."

தினுஷன் தலைகுனிந்து இருந்தான். அரூஸ் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஒரு கண்ணோடு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியதைச் சொன்னார். தினுஷன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அரூஸ் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"தொழுதிட்டு வாறேன். கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவர் போனபின் ஒரு பெண் வந்து ஏலக்காய் கேட்டாள். தினுஷன் எழுந்து தராசுப் பக்கம் போனான்.