கங்காணிக்குக் கொடுத்த வெற்றிலை

சிலமலையில் எங்கள் தெருவின் முதல் மாடிவீடு என்னுடையது. போடியில் ஏலக்காய்க் கடை, மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர், ஓடுகிற நிலையில் மூன்று ஜீப்பு, பொட்டிபுரம் போகும் வழியில் தென்னந்தோப்பு, எல்லாம் நான் உண்டாக்கியவை. தோப்பு இருக்கும் இடம் வெறும் கல்லாங்குத்து. அங்கே எருக்கு கூட முளைக்காது என்று சொன்னவர்கள் இன்றைக்கு வந்து இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இத்தனைக்கும் மேலாக இப்போது ஒரு சினிமாவும் சேர்ந்திருக்கிறது. அதில்தான் ஒரு சின்ன வழக்கு.

படத்தை எடுத்தவள் என் பேத்தி. சென்னையில் அதற்கென்றே படித்தவள். மூன்று விடலைப் பிள்ளைகள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு மலையேறிப் போகிற சிரிப்புப் படம். போன மாதம் போடியில் ஒரு மண்டபத்தில் திரை கட்டி, சொந்தக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் போட்டுக் காட்டினாள். அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் நான். மற்ற இருவர் என் அண்ணனும் அத்தை மகளும். அத்தை மகள்தான் பின்னாளில் எனக்கு வாக்கப்பட்டவள்.

நடந்தது இதுதான். எனக்குப் பதினாலு வயது, அண்ணனுக்குப் பதினாறு. கடைசித் தங்கைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி. அந்த மாமா அதற்கு முந்தைய வருடம் எங்கள் வீட்டுக் கிடா விருந்தில் முதல் பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்று எழுந்து போனவர். போகும்போது, இனி உங்கள் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஒரு எஸ்டேட்டில் காவலுக்கு இருந்தார்.

தாய்மாமனை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அப்பா என்ன செய்தார்? மலைக்குப் போகும் ஒரு ஜீப்புக்காரனிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். "வந்தா வர்றான், வராட்டிப் போறான். நான் போயி அவன் கால்லயா விழுகணும்?" என்றார். மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. காதுகுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "அவன் மடியில வைக்காமக் காது குத்துனா, எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லாமப் போகும்." சொல்லிவிட்டு அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிவதற்குள் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். அத்தை வீட்டில் கடலை பிடுங்க ஆள் வேண்டும் என்று பொய். அத்தை மகளே வந்து அந்தப் பொய்யைச் சொன்னதால் யாரும் சந்தேகப்படவில்லை. மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கை வைத்து என் கையில் கொடுத்தார்கள். நான்தான் பேச்சுக்காரன். மாமாவிடம் பேச வேண்டியதும் நான்தான் என்று முடிவு.

போடியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். இருட்டு பிரியாத நேரம், எல்லா ஜீப்பும் ஒரே மாதிரி, எல்லாப் பெண்களும் தலையோடு துண்டைச் சுற்றியிருக்கிறார்கள். அண்ணன் பெரிய விவரக்காரன் மாதிரி ஒன்றைக் காட்டி, "இதுதேன். ஏறுங்க வெரசா" என்றான். ஏறினோம். ஒருத்தி மடியில் இன்னொருத்தி என்று இருந்த ஜீப்பில் எங்களை யாரும் கேட்கவில்லை. மெட்டைத் தாண்டி மாமாவின் எஸ்டேட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஜீப்பு திரும்பாமல் நேராகப் போனது. அத்தை மகள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வெளியே மலையைப் பார்த்தான்.

இறங்கின இடத்தில் ஒரு மலையாளத்துக் கங்காணி தலை எண்ணிக்கொண்டு நின்றான். மூன்று தலை கூட இருக்கிறது என்று அவனுக்கு மகிழ்ச்சி. "வேலைக்குத்தானேடா வந்தீங்க?" என்றான். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? ஆளுக்கொரு கூடையைக் கொடுத்துச் செடிக்குள் தள்ளிவிட்டான்.

ஏலக்காய் வியாபாரத்தில் இன்றைக்குப் பேரெடுத்து நிற்கும் நான், அன்றைக்குக் காயைத் தேடியது செடியின் உச்சியில். ஆளுயரச் செடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துப் புரண்டாள். "ஏ அப்பு, அதென்ன தென்ன மரமா? குனிஞ்சு தூருல பாருடா!" காய் செடியின் காலடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருந்தது. குனிந்தேன். பிஞ்சும் பழமும் பார்க்காமல் உருவினேன். கங்காணி வந்து கூடையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "எந்தா மோனே இது! பூவையும் சேத்துப் பறிச்சு வச்சிருக்க!"

உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அண்ணன் காலில் அட்டை கடித்து ரத்தம். இப்படியே இருந்தால் சாயங்காலம் இதே ஜீப்பில் திரும்ப ஊருக்குத்தான். நான் ஒரு வேலை செய்தேன். கங்காணியிடம் போய், வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, "அண்ணே, தெரியாம மாறி ஏறிட்டோம், விட்ருங்க" என்றேன். வெற்றிலையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. இரண்டு மூன்றாக மடித்து வாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடுப்பில் செருகினான். மாமாவின் எஸ்டேட்டுக்குக் குறுக்குப் பாதையும் காட்டினான்.

பாதி வழியில்தான் அண்ணன் பையைத் தடவிப் பார்த்தான்.

"வெத்தல எங்கடா?"

சொன்னேன். இருவருக்கும் அந்த மலைப்பாதையில் கட்டிப் புரண்ட சண்டை. "கங்காணியவா காதுகுத்துக்கு அழைக்க வந்தோம்? வெறுங்கைய வீசிட்டுப் போயி மாமன் முன்னாடி நிப்பியா?" என்றான். "நீ ஏத்துன ஜீப்புதேன இங்க கொண்டாந்து விட்டுச்சு" என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போய்விட்டான். அத்தை மகள் எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டு என்னோடு நடந்தாள். என் மேல் பிரியத்தால் இல்லை. "உங்க அம்மா மூஞ்சிக்காகத்தேன் வர்றேன்" என்றாள்.

மாமாவின் வீடு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தான் அண்ணன். கையில் வாடின ஐந்து வெற்றிலை. கீழே கூலியாட்கள் லயத்தில் ஒரு கிழவியின் சுருக்குப் பையிலிருந்து கெஞ்சி வாங்கியிருக்கிறான். என் கையிலிருந்த பையைப் பிடுங்கி அதில் வைத்தான்.

மாமா வாசலில் நின்றார். முகம் மழித்திருந்தார். கதவோரம் கயிற்றால் கட்டின ஒரு பை இருந்தது. "எவன் வரச் சொன்னான்?" என்றார். நான் ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு. அம்மாவைச் சொன்னேன், தங்கையைச் சொன்னேன், பந்தியில் இலை போடாதது தப்புதான் என்று அப்பாவைக் கேட்காமலே அப்பாவுக்காக மன்னிப்பும் கேட்டேன். பாதிப் பேச்சில் மாமா, "சரி சரி, வெத்தலையக் கொண்டா" என்று துண்டை ஏந்தினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே எங்களோடு இறங்கிவிட்டார். மறுநாள் தங்கை அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அலறினாள். அம்மா சிரித்தாள்.

என் பேச்சுதான் மாமாவை இறக்கியது என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கடை தொடங்கியபோது, பேசி எதையும் முடிக்கலாம் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

பேத்தி இதையெல்லாம் என் ஸ்டோரில் வைத்து இரண்டு நாள் கேட்டாள். பிறகு மஞ்சள் காகிதங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டினாள். ஒரு காகிதத்துக்கு ஒரு சம்பவம். ஒட்டுவாள், பிடுங்குவாள், மாற்றி ஒட்டுவாள். "தாத்தா, மூணு பேருக்கும் என்ன வேணும்னு மொதல்ல படம் பாக்குற ஆளுகளுக்குத் தெரியணும். அப்புறம் அது கைக்கு வர்ற நேரமெல்லாம் நாமளே தட்டிவிடணும்" என்றாள். நல்ல பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். மண்டபத்தில் பார்த்தபோதுதான் அவள் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இருக்கிறோம், சிரித்த வாய் மூடுவதற்குள் வெற்றிலை போய்விடுகிறது, அண்ணனும் போய்விடுகிறான். நடந்தது என்னவென்று தெரிந்த எனக்கே, அவன் திரும்பி வருவானா என்று சந்தேகம் வந்துவிட்டது. படத்தில் பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, மெட்டுக்கு மேலே சிக்னல் இல்லை. அதையும் விடாமல் பயன்படுத்தியிருந்தாள்.

ஆனால் ஒரு இடம் நான் சொல்லாதது. நாங்கள் செடிக்குள் காய் பறிக்கும்போது படம் திடீரென்று மாமாவின் வீட்டுக்குப் போகிறது. மாமா முகம் மழிக்கிறார். தங்கைக்கு வாங்கின பட்டுப்பாவாடையை மடித்துப் பையில் வைக்கிறார். பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுப் பாதையைப் பார்க்கிறார். ஜீப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார், அது தாண்டிப் போனதும் உட்காருகிறார். பிறகு திரும்ப எங்கள் கங்காணி. மண்டபத்தில் ஒரே சிரிப்பு, நான் மட்டும் அந்தப் பையிலேயே நின்றுவிட்டேன். கடைசியில் திரையில் அந்தப் பையன் நீட்டி முழக்கிப் பேசும்போது, ஒருவரும் பையனைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் இருந்த என் மனைவியிடம், "அப்ப மாமா கிளம்பித்தேன் நின்னுருக்காரா?" என்று கேட்டேன்.

"ஏங்க, இது இப்பத்தேன் தெரியுதாக்கும்? கூப்பிட ஒரு ஆளு வரணும்னு நின்னாரு மனுசன். நீங்க பேசாம வெத்தலைய மட்டும் நீட்டியிருந்தா அரைமணி நேரம் முன்னாடியே எறங்கியிருக்கலாம்."

இருக்கட்டும். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகம் மழித்திருந்ததையும் கதவோரம் பை இருந்ததையும் பார்த்தவன் யார்? ஐம்பது வருடம் மறக்காமல் வைத்திருந்து சொன்னவன் யார்? படம் முடிந்து பெயர் ஓடியபோது, கதை என்ற இடத்தில் பேத்தி பெயர். என் பெயர் எங்கே என்று பார்த்தால், வாகன உதவி என்ற இடத்தில், ஜீப்புக்கு டீசல் போட்டவன் பெயருக்குக் கீழே. படம் இன்னும் வெளியே போகவில்லை, மாற்றலாம் என்கிறார்கள். மாற்று தாயி. கதை உன் பெயர் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பையைப் பார்த்தவர் என்று என் பெயரைப் போடு.