களத்தில் குடித்த மோர்

பேய், பிசாசு, சாபம் எதையும் நான் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் இது இருட்டில் நடந்ததல்ல. பகல் பதினொரு மணிக்கு, கூத்தாநல்லூர் பக்கம் எங்கள் நெற்களத்தில், பத்துப் பேர் பார்க்க நடந்தது.

அந்தக் களத்தில்தான் என் தாத்தா, வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாட்களைக் கட்டிவைத்து அடித்து, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். பால் என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், த்தூ. அப்படிக் குடித்த ஒருவரின் மகள் அஞ்சம்மாள். எழுபது வயதைத் தாண்டியவர், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருந்தார். நடந்ததை எங்கள் குடும்பம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், களத்தை அவர்கள் தெருவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மனு. விசாரிக்க கிராம நிர்வாக அலுவலர் வந்திருந்தார்.

என் அண்ணன் வீட்டிலிருந்து நீர்மோர் கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அஞ்சம்மாளுக்கும் அவர் தெருக்காரர்களுக்கும் காகிதக் கப். இந்தக் காலத்திலும். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் டம்ளரைத்தான் வாங்கிக்கொண்டேன்.

"உங்க தாத்தா செஞ்சது உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று அஞ்சம்மாள் கேட்டார்.

தெரியும். சாப்பிடும்போது அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார், நானும் சிரித்திருக்கிறேன். அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"அப்படி எதுவும் நடக்கலீங்க" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தேன்.

வாயில் இருந்தது மோரல்ல, சாணி. வெதுவெதுப்பாக, நறநறவென்று, பல்லிடுக்கில் வைக்கோல் துணுக்கோடு. டம்ளரைப் பார்த்தால் வெள்ளையாக மோர்தான், மேலே கறிவேப்பிலை. அதே பாத்திரத்து மோரை அண்ணன் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் எப்படித் துப்புவது? வாயை மூடியபடி நின்றேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக.

அஞ்சம்மாள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மூக்கப் புடிச்சிக்கிட்டா எறங்கிடும் தம்பி. எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் மூக்கைப் பிடித்து விழுங்கினேன். விழுங்கிவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்தும் போட்டேன். மனு தள்ளுபடியானது.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் வாய்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்று வக்கீல் சொல்கிறார், கோட்டாட்சியர் அலுவலகமும் பக்கத்துத் தெருவில்தான். நான் இன்னும் போகவில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன், இறங்கிவிடுகிறது.