ஒரு கைக்கு இரண்டு படம்

"டாக்டரம்மா போயிட்டாக, செல்வி" என்று சின்னமனூரிலிருந்து நர்ஸ் மல்லிகா போனில் சொன்னபோது, என் எக்ஸ்ரே அறை வாசலில் மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். துக்கம் அப்புறம்தான் வந்தது. இனி இந்தப் படங்களை யாரிடம் காட்டுவேன் என்றுதான் முதலில் தோன்றியது.

எலும்பு டாக்டர் தமயந்தியின் கறார் வாய் உங்களுக்குத் தெரியும். தேவாரம் ஊர் வரைக்கும் தெரியும். அடிபட்ட பிள்ளையின் நல்ல கையைத்தான் முதலில் தொடுவார். படமும் அப்படித்தான், இரண்டு கைக்கும் எடுக்க வேண்டும். "ஒடிஞ்சது ஒரு கை, எதுக்கும்மா ரெண்டு படம்?" என்று பெற்றவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். "வளர்ற புள்ளைக்கு எலும்பு இன்னும் ஒண்ணு சேர்ந்திருக்காது. எது ஒடிஞ்சது, எது வளருதுன்னு அந்தப் புள்ளையோட இன்னொரு கைதான் சொல்லும்" என்பார் டாக்டரம்மா.

பத்து வருஷம் இதைக் கேட்டும் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. திராட்சைப் பந்தல் கல்தூணில் ஏறி விழுந்து வலது முழங்கை வீங்கிவிட்டது. டாக்டரம்மா அன்று மதுரையில் இருந்தார். நானே படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று. பெற்ற பிள்ளை மேல் இன்னொரு தடவை எதற்கு எக்ஸ்ரே கதிர் படவேண்டும் என்ற நினைப்பு. மூட்டில் தெரிந்த சின்னத் துண்டை, வளர்கிற எலும்பு என்று நானே தீர்மானித்து, கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என்ன திமிர் எனக்கு!

மறுநாள் காலை தலை சீவிவிடும்போது, "அம்மா, சுண்டுவிரல் மரத்துப்போச்சு" என்றாள். சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது.

மதுரையிலிருந்து திரும்பியிருந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இன்னொரு கை எங்க?"

நான் யாழினியின் இடது சட்டைக்கையைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ஊரார் புள்ளைக்கெல்லாம் ரெண்டு, ஒன் புள்ளைக்கு மட்டும் ஒண்ணா?"

இடது கையையும் எடுத்தோம். அதில் முழங்கையின் உள்பக்க ஓரத்தில் குட்டி எலும்பு ஒன்று இருந்தது. வலது கையில் அந்த இடம் காலி. "அங்கன இருக்கவேண்டியது பிய்ஞ்சு வந்து மூட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கு. பக்கத்துல ஓடுற நரம்பும் அடிபட்டிருக்கு" என்றார்.

"வெரல் சரியாயிருமா?"

"எலும்பை எடுத்து அதோட எடத்துல வச்சிருவேன். நரம்புக்கு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

"பயமா இருக்கு, டாக்டரம்மா."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்? ஒவ்வொரு புள்ளைக்கும் பயந்துக்கிட்டேதான் கத்தியத் தொடுறேன். அந்தப் பயம் நின்னுச்சுன்னா அன்னைக்கே கத்திய வச்சிட்டு வீட்டுக்குப் போயிரணும்."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. விரல் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் காலையில் கோழியிறகால் தடவி, "தெரியுதா?" என்பேன். "இல்லம்மா" என்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஆறு வாரம் இப்படிப் போனது. ஏழாவது வாரம் ஒரு நாள், "கூசுதும்மா" என்று விரலை இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இன்னொரு கைல தடவுனியா? அங்கயும் அப்படித்தான் கூசுதான்னு கேளு" என்றார்.

அடிபட்ட அந்த வலது கையால்தான் யாழினி இப்போது பரீட்சை எழுதுகிறாள். டாக்டரம்மாவின் கண்ணும் கையும் எனக்கு வராது. அவருக்கு இருந்த அந்தப் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாவது படத்தை எடுக்க வைக்கிறது. தைரியமாக இரு என்று தயவுசெய்து யாரும் எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள்.