யாரும் போடாத சட்டை

கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு. புருஷன் என்று யாரையும் இதுவரை காணோம். ஆனால் தினமும் கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை காய்கிறது. இன்று படியிறங்கும்போது அதிலிருந்து பார் சோப்பு வாசம் வந்தது, நான் படியிலேயே நின்றுவிட்டேன். அடுத்த வீட்டுத் துணியை மோந்துகொண்டு நிற்கிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், போங்கள்.

சேரன்மகாதேவியில் எங்கள் வாடகை வீடு ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்தது. குளிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள். பம்பாய்க்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டால் லீவு நாளில் வீட்டில் நானும் தம்பியும்தான். அதனால் அப்பா விட்டுப்போன சந்தன நிறச் சட்டையை அம்மா தினமும் பார் சோப்புப் போட்டு நனைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போவாள். உள்ளே ஆம்பளை இருப்பதாக வழியில் போகிறவர்கள் நினைக்க வேண்டுமே! காற்றில் அது விழுந்தால் எனக்கு உயிரே போய்விடும். ஓடிப்போய் எடுத்துப் போட்டுவிட்டு, ஓடிவந்து தாழ்ப்பாள் போடுவேன்.

தினமும் நனைத்தால் எந்தச் சட்டைதான் தாங்கும்? தோளில் கிழிந்தது. கடையில் கறை பட்டதென்று ஒதுக்கிய நீலச் சட்டை ஒன்றை அம்மா கொண்டுவந்து போட்டாள். பழைய சட்டை யாருடையது என்று தெருவுக்கே தெரியும். இது யாருடையது என்று கேட்பார்களே என்பது மட்டும் அந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே, அம்மா வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், வீட்டுக்கார அண்ணாச்சி வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். கண்ட ஆள் வந்து போகிற குடித்தனம் தனக்குச் சரிப்படாதாம். ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு வேறு யார் வீடு தருவார்கள்? மாமா வீட்டுக்குப் போனால் அன்றோடு என் படிப்புக்கு முழுக்குதான்.

அம்மா அழவில்லை. கொடியிலிருந்து சட்டையை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"மோந்து பாருங்க அண்ணாச்சி. மனுசன் போட்ட வாடை அடிக்கான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. காலரைத் திருப்பினார். துளி அழுக்கில்லை. பட்டன் ஓட்டை ஒன்றுகூட நெகிழவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க, அவரே சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"பிள்ளைகளப் பாத்துக்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வரிசை வீடுகளையெல்லாம் இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். அண்ணாச்சியும் இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சொந்தச் சம்பாத்தியம், சொந்த வீடு, இரும்புக் கதவு எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் யாராவது மணியடித்தால், திறப்பதற்கு முன்னால் உள்பக்கம் திரும்பி, "ஏங்க, யாரோ வந்திருக்காவ," என்று உரக்கச் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.