தூணோடு கயிறிழுத்த பொம்பிளையள்

போன கிழமை இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் கவலைப்பட்டீர்களாம். “ஆச்சி படுக்கையோ?” என்று ஒருவர் பத்திரிகைக் கந்தோருக்கே போய்க் கேட்டிருக்கிறார். படுக்கையுமில்லை, பாயுமில்லை... தொண்டை அடைத்துவிட்டது. அவ்வளவுதான்.

எழுதுகிறதற்குத் தொண்டை எதற்கு என்கிறீர்களா? என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுவாள். சொல்லுவதற்குச் சத்தம் வேண்டுமே!

அந்தச் சத்தம் எங்கே போனது? கடற்கரையில் போனது. வருசப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில். ஆனால் சும்மா போகவில்லை – ஒரு வாடியை வாங்கித் தந்துவிட்டுத்தான் போனது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கரையில் ஒரு சம்மாட்டியார் இருக்கிறார். கரைவலையும் தோணியும் அவருடையவை. வலை இழுக்கிற ஆட்களும் அவருடைய ஆட்கள்தான். அவருடைய மகள் ஸ்டெல்லா கொழும்பில் தேகப்பயிற்சி படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவள். வந்த பிள்ளை தகப்பனிடம் நகை கேட்கவில்லை, சீலை கேட்கவில்லை... முன்பு வலை போட்டு வைத்த பழைய வாடியைக் கேட்டாள். தகரக் கூரை, பலகைச் சுவர், மணல் நிலம், நடுவில் ஒரு பெரிய பாலைமரத் தூண். அதற்குள் பெண்களுக்கு மட்டும் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினாள். ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதின பலகை ஒன்றை வாசலில் தொங்கவிட்டாள்.

சனம் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

“பிள்ளை, உரல் இருக்கு, அம்மி இருக்கு, கிணறு இருக்கு. இதுக்கு மேலை பொம்பிளையளுக்கு என்ன பயிற்சி?” என்று கேட்டேன்.

“உரல் இடிச்சால் அரிசிதான் மெலியும் ஆச்சி. நீங்கள் வந்து பாருங்கோவன்” என்றாள்.

வாய்க்கு வாய் கொடுக்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். போனேன்.

உள்ளே என்ன இருந்தது? பால்மா வந்த தகரப் பேணிகளில் சீமெந்து நிரப்பி, இரும்புக் கம்பியில் கோர்த்த பாரங்கள். முன்சில்லு கழற்றிக் கட்டைமேல் தூக்கி நிறுத்தின ஒரு சைக்கிள் – எவ்வளவு மிதித்தாலும் வாசலைத் தாண்டாது. சில பாய்கள். உடுப்புத்தான் பெரிய பிரச்சினை. சீலையோடு காலைத் தூக்க ஏலுமா? நான் என் மனுசன் டொக்யார்ட் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன காக்கிக் கால்சட்டையைத் தேடி எடுத்தேன். அவர் இருந்த காலம் முழுக்க அதைத் துவைத்துத் துவைத்துக் கொடுத்தவள் நான். இப்போதுதான் தெரிகிறது, அது எவ்வளவு வசதியான உடுப்பு என்று!

இந்தப் பயிற்சியால் எல்லோருக்கும் நன்மை கிடைத்ததா? பொய் சொல்லமாட்டேன். ஆளுக்கு ஒரு மாதிரி.

மங்களத்தை எடுங்கள். புருசனுக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை. மெலிய வேண்டும் என்றே வந்தவள். முதல் நாளே “காலைத் தூக்குங்கோ” என்று ஸ்டெல்லா சொல்ல, எழும்பி உட்கார்ந்துவிட்டாள். எதிர்ச்சுவரில் அந்தோனியார் படம்.

“சாமிக்கு நேரை காலைத் தூக்க ஏலாது.”

“மங்களம், நீ சைவம். அது எங்கட அந்தோனியார்” என்றேன்.

“ஆற்றை சாமியெண்டாலும் சாமிதானே ஆச்சி.”

ஸ்டெல்லா ஒரு சீலைத்துண்டை எடுத்துப் படத்துக்கு முன்னால் திரை கட்டினாள். யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். பெண்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு... அவரும் ஆம்பிளைதானே!

திரை கட்டியும் மங்களம் மெலியவில்லை. பயிற்சி முடிந்ததும் அவளுக்கு வருகிற பசி இருக்கிறதே! முன்பு சாப்பிட்ட இடியப்பத்தைப் போல இரண்டு மடங்கு. “காசு குடுத்துக் கொழுத்தது நான் ஒருத்திதான்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தபடியே சட்டைத் தையலை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அந்தக் கவலை எனக்குத் தெரியும்.

ரஹீமாவின் கதை வேறு. கிண்ணியாவிலிருந்து கடலைக் கடக்கிற பாதைப் படகு ஏறி, உடுப்புத் தைக்கிற வேலையாகப் பட்டினத்துக்கு வருகிறவள். முழங்கால் நோ. பாதையிலிருந்து இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். இப்போது தையல் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு தானாகவே குதித்து இறங்குகிறாள். எனக்கு? இடுப்பு வலி போனது, தோள் வலி வந்தது. கணக்குச் சரி.

இப்படி நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வலைக்காரர் வாடியைக் கேட்டு வந்தார்கள். மழைக்கு ஒதுங்க இடமில்லையாம். கேட்டது எப்போது? வெயில் பல்லை இளிக்கிற பங்குனிக் கடைசியில்! உள்கதை எல்லோருக்கும் தெரியும். காரம் போட் விளையாட ஒரு கூரை வேண்டும்.

சம்மாட்டியாருக்குத் தர்மசங்கடம். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் வலை. வலைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஆட்கள் முகம் கோணினால் அவர் பாடு என்ன? அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம்.

“பிள்ளை, அவங்கள் கடலோட மாரடிச்சுப்போட்டு வாறவங்கள். இருக்க ஒரு இடம் வேணும்தானே” என்றார் மகளிடம்.

பதில் சொன்னது ரஹீமாதான், மெல்லிய குரலில்.

“அவங்களுக்குக் கரை முழுக்க இருக்கு. ஆம்புள இல்லாத இடமெண்டு எங்களுக்கு இது ஒண்டுதானே இருக்கு. இதுவும் போனா நாங்க எங்க போற?”

வலைக்காரருக்குத் தலைவன் மாதிரி ஒருவன், சவிரி. கயிறு இழுக்கத் தொடங்கும்போது கடைசிப் பிடி எப்போதும் அவனுடையது. அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

“பேணி தூக்கிறதுக்கு வாடி எதுக்குச் சம்மாட்டியார்? வீட்டுக் குசினியிலை நிண்டு தூக்கட்டும்.”

என் வாய் சும்மா இருக்குமா?

“ஓம் சவிரி, நீ காரம் காய் தூக்கிறதுக்குத்தான் வாடி வேணும். பாரமெல்லோ!”

முற்றமே சிரித்தது. சவிரியின் முகம் கறுத்தது.

“ஆச்சி, வாயாலை இழுக்கிறது லேசு. எங்களோட ஒருக்காக் கயிறு இழுத்துப் பாருங்கோ. வெண்டால் வாடியை நீங்களே வைச்சிருங்கோ!”

“இழுப்பம்!” என்றேன்.

ஸ்டெல்லா என் கையில் நுள்ளினாள். பிந்திவிட்டது. சம்மாட்டியார் பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார்.

“சரி. வருசப் போட்டியிலை இழுங்கோ. வெண்ட ஆக்களுக்கு வாடி. பிறகு ஒருத்தரும் என்னட்டை வரப்படாது.”

“நாங்கள் எட்டுப் பேர். நீங்கள் ஊரையே கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றான் சவிரி.

“வேண்டாம். எட்டுக்கு எட்டு” என்றாள் ஸ்டெல்லா.

இந்த முறை நான் அவளை நுள்ளினேன்!

அன்றிலிருந்து பேணிகளுக்கு ஓய்வு. ஸ்டெல்லா பழைய வலைக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து பாலைமரத் தூணில் கட்டினாள். மறுமுனையை எங்கள் கையில் தந்தாள்.

“இழுக்காதேங்கோ... பிடியுங்கோ. குதிக்காலை மணலுக்கை புதையுங்கோ. பின்னுக்குச் சாயுங்கோ. அப்பிடியே நில்லுங்கோ.”

நின்றோம். கை எரிந்தது. தொடை நடுங்கியது. தூண் அசையவில்லை.

“பிள்ளை, இந்தத் தூண் எப்ப வரும்?”

“வராது ஆச்சி.”

“பிறகேன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்?”

“வராததோட மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கப் பழகவேணும்.”

இதற்கா ஒரு பயிற்சி? நான் குடும்பம் நடத்தினவள் பிள்ளை, என்றேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவிப் போனது. கடைசியில் ஸ்டெல்லா என்னை எட்டுப் பேரில் சேர்க்கவில்லை. “நீங்கள் பக்கத்திலை நிண்டு சத்தம் போடுங்கோ, அது காணும்” என்றாள். மனதுக்குள் கோபம்தான். ஆனாலும் ஒரு வேலை தந்துவிட்டாளே!

போட்டி நாள். கடற்கரை முழுக்கச் சனம். முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்து எங்கள் முறை. சம்மாட்டியார் கயிற்றின் நடுவில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டினார். மணலில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. எங்கள் பக்கத்தில் முன்னுக்கு ரஹீமா, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு. நடுவில் ஸ்டெல்லா. கடைசியில், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மங்களம். எதிர்ப்பக்கம் எட்டுக் கறுத்த முதுகுகள். கடைசியில் சவிரி.

விசில் சத்தம் கேட்டது.

அவர்கள் ஒரு இழுவை இழுத்தார்கள். கயிறு வரவில்லை! இன்னொரு இழுவை. வரவில்லை. எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரும் அந்தப் பாலைமரத் தூண் மாதிரி நின்றார்கள்.

“என்னடா இது... கல்லிலை கொழுவிப்போட்டுதோ?” என்று பின்னாலிருந்து சவிரி கத்தினான்.

சனம் ஆரவாரித்தது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? அவர்கள் பிறந்ததிலிருந்து கயிறு இழுக்கிறவர்கள். மெல்ல மெல்லச் சிவப்புத் துண்டு அவர்கள் பக்கம் நகரத் தொடங்கியது. ஒரு எட்டு... இன்னொரு எட்டு... எங்கள் குதிக்கால்கள் மணலைக் கீறிக்கொண்டு போயின. கோட்டுக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

“கை போகுது ஆச்சி!” என்று ரஹீமா அலறினாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாடி போய்க்கொண்டிருந்தது.

நான் வலைக்கார வீட்டில் பிறந்தவள். அந்த முதுகுகள் எப்படி அசையும், கால்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இடுப்பில் செருகினேன். மூச்சை நிரப்பினேன்.

“ஏலேலோ...!”

இழுத்துப் பாடினேன். வலைக்காரர் எட்டுப் பேரும் தங்களை அறியாமலே திருப்பிப் பாடினார்கள்: “ஐலசா!”

“ஏலேலோ...!”

“ஐலசா!”

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்தபடி கரைப்பக்கமாகப் பின்னே பின்னே நடப்பார்கள். கடைசி ஆள் கரைமேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிடுவான். விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போய், தண்ணீர்க்கரையில் புதிதாக வருகிற கயிற்றைப் பிடிப்பான். அடுத்தது அவனுக்கு முன்னால் நின்றவனின் முறை. இப்படியே சுற்றிச் சுற்றி. இதை அவர்கள் யோசித்துச் செய்வதில்லை. பாட்டுக் கேட்டால் கால் செய்யும்.

மூன்றாவது ஏலேலோவுக்குச் சவிரி கயிற்றை விட்டான்.

விட்டுவிட்டு, கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, குடுகுடுவென்று முன்னால் ஓடினான். அங்கே கடலைக் காணவில்லை. நின்றது ரஹீமா! இரண்டு பேரும் மூக்குக்கு நேர் மூக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் பின்னால் அடுத்தவனும் முறைப்படி கயிற்றை விட்டுவிட்டான்.

“இப்ப இழுங்கோ!” என்று ஸ்டெல்லா கத்தினாள்.

மங்களம் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து மணலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்! காசு கொடுத்து வளர்த்த உடம்பு முழுக்கக் கயிற்றில் இறங்கியது. மிச்ச ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து வந்தார்கள். சிவப்புத் துண்டு எங்கள் கோட்டைத் தாண்டிப் பறந்தது.

வலைக்காரர் எழும்பி நியாயம் கேட்டார்கள்.

“ஆச்சி பாடினவ! பாட்டுப் பாடி ஏமாத்தினவ! திரும்ப இழுக்கவேணும்!”

“வருசத்துக்கு ஒரு பாட்டுப் பாடக்கூடாதோ?” என்றேன். தொண்டை அப்போதே போயிருந்தது. காற்றுத்தான் வந்தது.

எல்லோரும் சம்மாட்டியாரைப் பார்த்தார்கள். அவர் முதலில் மகளைப் பார்த்தார். ஸ்டெல்லாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது. பிறகு தன் ஆட்களைப் பார்த்தார்.

“ஆரடா கயிறை விட்டது?”

சவிரி தலையைக் குனிந்தான்.

“வலையை நடுக்கடலிலை விட்டுப்போட்டுத் திரும்ப இழுப்பம் எண்டால் மீன் பார்த்துக்கொண்டு நிக்குமோ? விட்டால் விட்டதுதான். வாடி பொம்பிளையளுக்கு!”

கைதட்டல் எழும்பியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினது யார் என்று பார்த்தால்... சவிரியின் மனுசி!

மங்களம் மணலில் இருந்தபடியே கேட்டாள், “ஸ்டெல்லா, நான் இனியும் மெலியவேணுமோ?”

“அடுத்த வருசப் போட்டி முடியட்டும் அக்கா” என்றாள் ஸ்டெல்லா. மங்களத்தின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ஆம்பிளைகள் பலத்தில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை. வருகிற கயிற்றை இழுக்க அவர்களை மிஞ்ச ஆளில்லை. வராத கயிற்றோடு நிற்கத்தான் பழக்கமில்லை. எங்களுக்கோ... வேறு எந்தக் கயிறு கிடைத்தது?

இந்தக் கிழமை வாடிக்குள் கால் வைக்க இடமில்லை. வலைக்காரரின் மனுசிமார் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். சவிரியின் மனுசி நாள் தவறாமல் வருகிறாள், பேணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று சவிரியே வாசலுக்கு வந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

“ஆச்சி, எனக்கும் இப்ப இடுப்பு நோ. ஒரு மூலையிலை நிண்டு செய்ய விடமாட்டியளோ?”

“வாசல்லை பலகை தொங்குதே, பார்க்கயில்லையோ?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே ஆச்சி!”

எனக்கும் படிப்புக் குறைவுதான். ஆனாலும் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாய், கரையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.