முடுக்கை விட்டுவிட்டு இடித்தவர்

அன்று ஐந்தருவியில் குளிக்கத் தடை. மலையில் பெய்த மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை அலுவலகத்துக்குச் செய்தியைச் சொல்லி முடித்தபோது சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் மகள் செல்பேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா காலையில போயிட்டாவ" என்றாள். இலஞ்சி தாண்டித் தென்காசிக்குள் நுழைந்தபோது, அவர் இடித்த வீடுகள் நின்றிருந்த இடங்களே என் கண்ணில் பட்டன.

அண்ணாச்சியை அறிந்தவர்களுக்கு அவர் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வீடுகளை இடித்து, தேக்கு உத்தரம், கதவு, நிலை, கல்தூண் எல்லாவற்றையும் பிரித்து விற்கும் காண்ட்ராக்டர். இந்த ஊர்க் கட்டடங்களைப் பற்றி நான் எழுதியவற்றில் பெரும்பகுதி, அவற்றை இடிக்க வந்த அவர் கூப்பிட்டுக் காட்டியவை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஓட்டைக் கழற்றும் முன், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களை ஒருநாள் அங்கே வரவழைப்பார். சாப்பாடு அவருடையது. எந்த அறையில் என்ன நடந்தது என்று அவர்களைப் பேசவிடுவார். "கட்டுனவன் பேரு வாசல் கல்லுல இருக்குவே. இருந்தவங்க பேரை நீருதான் எழுதணும்" என்பார் என்னிடம்.

குற்றாலத்தில், சாரல் காலத்தில் மட்டும் திறக்கும் ஒரு பெரிய குடும்பத்துப் பங்களா. தாழ்வாரத் தூண்களில் ஒன்று மட்டும் கருத்து மின்னியது. வார்னிஷ் என்று நினைத்தேன். அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். "நல்லெண்ணெய்வே. பெரியவர் எண்ணெய் தேய்க்கச் சாஞ்சு உக்காந்த இடம்." வந்திருந்த பேரன் சிரித்துவிட்டார். தாத்தா அருவிக்குப் போனதே குறைவு, எண்ணெய் தேய்ப்பவருக்கும் தூணுக்கும் நடுவிலேயே சீசன் முடிந்துவிடும் என்றார். அந்தத் தூணை அண்ணாச்சி துடைக்காமலே விற்றார். வாங்கியவரிடம் காரணத்தையும் சொல்லி அனுப்பினார்.

தென்காசியில் மைமூன் பீவியின் வீட்டை இடிக்க வந்தபோது விஷயம் அத்தனை லேசாக இல்லை. நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. தம்பிகள் இருவரும் வளைகுடாவில். புது வீட்டுக்குப் பிளான் போட்டு, விடுமுறையில் வந்திருந்தார்கள். வழக்கப்படி எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு எந்த அறை வேண்டும் என்று இளையவர் கேட்டார்.

"ரூமையெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. முடுக்கை மட்டும் அடைச்சிராதீங்க" என்றார் மைமூன் பீவி.

அந்த வரிசை வீடுகளின் பின்னால், ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் கொஞ்சம் விட்டு அமைந்த சந்து அது. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போவார்கள். பிளானில் அங்கே கார் நிறுத்தம் இருந்தது. இப்போது எல்லோரும் ஸ்கூட்டியில் போகிறார்கள், முடுக்கில் யார் நடக்கிறார்கள் என்றார் தம்பி.

"உம்மாவுக்கு மூச்சு முட்டுன அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அங்கன இருந்தீய. இந்தப் பின்கதவு வழியாத்தான் எனக்கு ஆள் வந்துச்சு."

அண்ணாச்சி எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார். "நான் இன்னைக்கு ஓட்டுல கை வைக்கல. நீங்க இங்கனயே இருந்து பாருங்க" என்றார்.

அன்று முழுவதும் கதவை யாரும் மூடவில்லை. ஒருத்தி இஞ்சித் தேநீர் கொண்டுவந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண் வயிற்றைப் பிடித்தபடி வந்து, ஆண்களைக் கண்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு, ஆனாலும் திரும்பிப் போகாமல் மைமூன் பீவியைத் தனியே அழைத்துப் பேசினாள். மைமூன் பீவி தைத்து வைத்திருந்த ரவிக்கையை வாங்க ஒருத்தி, சும்மா எட்டிப் பார்க்க ஒருத்தி. மாலையில் இளையவர் என்ஜினியரைக் கூப்பிட்டு, பின்சுவரை உள்ளே தள்ளிப் போடச் சொன்னார்.

வீடு முழுக்கப் போன பிறகும், பின்கதவும் அதைத் தாங்கிய சுவரும் மட்டும் வெட்டவெளியில் நின்றன. ஓரமாகப் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தேக்குக் கதவு, நல்ல விலை போகுமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "அது நடந்துக்கிட்டு இருக்க கதவுவே. அதைப் போய் விக்க முடியுமா?" என்றார்.

அண்ணாச்சி வீட்டுக்குத் துக்கம் கேட்க மைமூன் பீவியும் வந்திருந்தார். அண்ணாச்சியின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எழும்போது, "முடுக்குல இன்னைக்கும் நடக்கோம்" என்று மட்டும் சொன்னார். கட்டடங்களைப் பற்றி இத்தனை காலம் எழுதியிருக்கிறேன். அண்ணாச்சியை நினைத்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தை.