விக்டோரியாவின் கடைசி வரி

விளாங்குடிப் பங்கில் ஞாயிறு வாசகம் என்றால் விக்டோரியாதான். அவர் குரலில் விவிலியம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளைத் தோளிலிட்டுக் கேட்கிறார்கள். வல்லினம் வல்லினமாகவும் ழகரம் ழகரமாகவும் ஒலிக்கும் திருவாய் அது. வாசித்து முடித்ததும் சற்றே நிறுத்தி, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்பார். சபை ஒரே குரலில், "இறைவா, உமக்கு நன்றி" என்னும்.

அக்குரலுக்கு இன்னொரு பணியும் வந்து சேர்ந்தது. மதுரை மாநகரில் நிற்பவை போன்ற ஸ்மார்ட் கம்பங்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நட்டார்கள். விளக்கு, கேமரா, ஒலிபெருக்கி மூன்றும் ஒரே கம்பத்தில். அனைத்தையும் ஆள்வது ஆரப்பாளையத்து வட்டார நிர்வாக அலுவலகம். அங்கே தற்காலிகத் தட்டச்சராக இருந்த விக்டோரியாவையே அறிவிப்பு வாசிக்கச் சொன்னார்கள். சோதனைக் காலம் பழுதின்றிக் கழிந்தால் வேலை நிரந்தரம். இல்லையேல் அத்தோடு விடை. மகள் பெர்சியின் கல்லூரிப் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

முதல் அறிவிப்பை ஒரே மூச்சில் பதிவு செய்தார்: "நாளை காலை குப்பை வண்டி வரும். மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்து வையுங்கள்."

சற்றே நிறுத்தினார். பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

மறுநாள் பொறியாளர் ஹரிராம் ஓடி வந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிப்புட்டீக? கடைசி வரியக் கேளுங்க!"

கேட்டவர் நாற்காலியில் சரிந்தார். "அட சேசுவே! அழிச்சிரு தம்பி!"

"எங்கிட்டு அழிக்க? அனுப்புறதுக்கு ஒரு பொத்தான்தான். நிறுத்தணும்னா மூணு அதிகாரி கையெழுத்துப் போடணுமாம்."

தொலைபேசி அலறியது. ஆனையூருக்கு அப்பால் உள்ள ஓர் ஊராட்சியின் தலைவி மாயக்காள்.

"ஏம்மா, எங்க ஊருல அம்புட்டுப் பேரும் குப்பையப் பிரிச்சு வச்சுட்டு வண்டியக் கும்புடுறாக. வாழை இலை எந்தக் கூடையில? மாத்திப் போட்டா சாமி குத்தமாயிருமோன்னு பயப்படுறாக!"

"பச்சைக் கூடையில போடச் சொல்லுங்கக்கா," என்றார் விக்டோரியா, அழாத குறையாக.

மேலதிகாரி சிவக்குமார் சிரிக்கவில்லை. "அரசாங்கத்துக்கு எல்லாச் சாமியும் ஒண்ணும்மா. இனிமே 'இது வட்டார நிர்வாகத்தின் அறிவிப்பு'ன்னு முடிங்க. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இன்னொரு தடவை தவறுச்சுன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றுமுதல் அவ்வரியைச் செபமாலைபோல் உருட்டினார் விக்டோரியா. அரிசி களையும்போதும் அதுவே, பேருந்திலும் அதுவே.

"சாம்பார் எங்கம்மா?" என்றாள் பெர்சி.

"அடுப்பு மேல இருக்கு. இது வட்டார நிர்வாகத்தின் அறிவிப்பு."

சனிக்கிழமை மாலை ஆணை வந்தது. வேலை நிரந்தரம்.

மறுநாள் நன்றி ததும்பும் நெஞ்சோடு வாசக மேடை ஏறினார். அன்றைய வாசகம், விளக்கே வேண்டாத விண்ணக நகரைப் பற்றியது. கணீரென்று வாசித்தார். சற்றே நிறுத்தினார்.

"இது வட்டார நிர்வாகத்தின் அறிவிப்பு."

சபை ஒரே குரலில் சொன்னது: "இறைவா, உமக்கு நன்றி."

பூசை முடிந்து பங்குத்தந்தை கிளமெண்ட் அருகில் வந்தார்.

"என்ன விக்டோரியாம்மா, வேலை நிரந்தரமாயிருச்சு போல?"